ஏறாமலை

வெல்லாவெளிக்கு மேற்கே, வட்டைக்கு நடுவில்
ஒரு கல் கிடக்கிறது.
ஊர் அதை மலை என்கிறது.
பெயர் ஏறாமலை.
ஏறி முடிக்கப் பேரின்பத்துக்கு
அரைப் பீடி போதும்.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள்
மோட்டார் சைக்கிளை வரம்போரம் நிறுத்தி,
"இதுதான் எங்கட மலை" என்றான்.
எங்கே, என்றேன்.
கேலிக்கு இல்லை, உண்மையாகவே
அவன் தலைக்கு மேலே தேடினேன்.
அது அவன் தோளுக்குக் கீழே இருந்தது,
ஒரு கொக்கோடு.

மச்சாள் கோமளேஸ்வரி சொன்னாள்:
"ஏறாமலே பாக்கலாம் புள்ள,
அதுக்குத்தான் அந்தப் பேர்."

அவர்களுக்கும் தெரியும்.
மலையடியில் இறக்கிவிடு என்றால்
"குளிருக்குப் போர்வை இருக்கா?" என்பான்
பஸ் கொண்டக்டர்.
பாலத்தின் முதுகையே ஏத்தம் என்று
சைக்கிளை விட்டிறங்கி உருட்டுகிற ஊர்.
எந்தப் பக்கம் ஓடுவதென்று
தண்ணீருக்கே யோசனை வருகிற தரை.
இதில் முப்பத்தொன்பது அடி என்றால்
சும்மாவா?

பெருவெள்ளத்தில்
பதினொரு மாடும் ஒரு விரியனும்
சீனித்தம்பியின் பிரிட்ஜும்
இரண்டு இரவு அதன்மேல் நின்றனவாம்.
"எவரெஸ்டில நிக்கேலுமா
பதினொரு மாடு?" என்கிறார்கள்.
மாடுகளின் எண்ணிக்கை
சொல்பவரைப் பொறுத்து மாறும்.
பிரிட்ஜ் மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

நான் அப்புத்தளை.
எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்றதை
அழகு என்று நிமிர்ந்து பார்த்த ஞாபகம் இல்லை.
மலை என்றால் எங்களுக்கு வேலை.
அம்மா மலைக்குப் போயிட்டா என்றால்
கூடையோடு போயிருக்கிறாள்.
அஞ்சாம் நம்பர் மலையில் கான் ஓரம் வழுக்கும்.
ஏழாம் நம்பரில் அட்டை.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
ஞாயிற்றுக்கிழமை மலை இல்லை என்போம்.
அது அங்கேயேதான் நிற்கும்,
ஆனால் இல்லை.

இங்கே வீட்டுக்குள் சிக்னல் வராது.
ஒரு கோடு வேண்டுமானால் மலை.
பொழுதுபட ஆட்கள் ஏறுவார்கள்,
கட்டாரோடு கதைக்க,
வட்டிக்காரனோடு கதைக்க,
யாருக்கும் முகம் காட்டாமல் ஒரு பெட்டை
யாரோடோ கதைக்க.
உழுந்து வடையும் கொண்டுவருவார்கள்.

முதல் மாதம் நானும் ஏறினேன்.

"எங்கன நிக்கிற? காத்து இப்படி எரையுது?"

"மலையிலம்மா."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.
கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.
இரண்டு கோடு இருந்தது.

"ஒன்னய மலைக்கா அனுப்புறாங்க?
அங்கயுமா?"

சிரித்தேன். சிரித்து முடிய நேரம் எடுத்தது.
இல்லம்மா, இது அந்த மலை இல்ல,
கல்லு, சும்மா ஒரு கல்லு,
இங்க வடை திங்க ஏறுவாங்க, என்றேன்.
நம்பவில்லை.
"எத்தன கிலோ கேக்குறாங்க?" என்றாள்.

மேற்கே, வயல் முடிகிற இடத்துக்கும் அப்பால்
ஒரு நீலக்கோடு.
விடியலிலும் இந்த நேரத்திலும்தான் தெரியும்.
என் ஊர் அதற்குள் இல்லை, அதற்கும் பின்னால்.
அதை இங்கே யாரும் மலை என்பதில்லை.
மப்பு என்கிறார்கள்.
நெல்லைக் காயப்போட்டவர்கள்
அதைப் பார்த்துப் படங்கை இழுத்து மூடுகிறார்கள்.

கீழே பேரின்பம் ஹோர்ன் அடித்தான்.
ஒரு கையில் போன்,
காலைப் பக்கவாட்டில் சரித்துச் சரித்து,
குதியை முதலில் ஊன்றி,
முதுகில் கூடை நிறைந்திருப்பதுபோல்
இறங்கிக்கொண்டிருந்தேன்.
அப்படி இறங்குகிறேன் என்று
அவன் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

"இந்த உயரத்துக்கு
இவ்வளவு பயமா?"

பாதியில் ஒரு கோடு போனது.
அம்மா இன்னும் லைனில் இருந்தாள்,
பாத்து எறங்கு, பாத்து எறங்கு என்று.